அணுச் சங்கிலியும் கணக்கின் நேர்மையும்



வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிற் பொங்கலுக்குச் சென்று வந்தோர் பலர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நந்திக்கடல் ஓரமாக அக்கோவிலை நோக்கி நடக்கும்போது, தொலைவிலிருந்தே நாதசுர இசை ஒலிபெருக்கி வழியாக நம் காதில் விழும். ஒலியை அளவோடு வைத்திருக்கும்வரை, வித்துவான் எழுப்பிய சுரம் எதுவோ அதுவே நமக்குக் கேட்கும். யாரேனும் ஆர்வ மிகுதியால் ஒலியை எல்லை கடந்து கூட்டிவிட்டால் என்ன நேர்கிறது? கரகரப்பும் கீச்சொலியும் கலந்து வருகின்றன. வித்துவான் வாசிக்காத சுரங்களை ஒலிபெருக்கி தானாகவே சேர்த்துவிடுகிறது.

அச்சுரங்கள் எங்கிருந்து வந்தன? ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு கூம்புத்தாள் அதிர்கிறது. சிறிய மின்னோட்டத்துக்குச் சிறிய அசைவு, இருமடங்கு மின்னோட்டத்துக்கு இருமடங்கு அசைவு என்றவாறு அது நேர்விகிதத்தில் ஆடும்வரை இசை தூயதாக இருக்கும். எல்லையைத் தாண்டியதும் அத்தாளால் அவ்விகிதத்தைக் காக்க முடிவதில்லை. அப்போது மூலச் சுரத்தைப் போல இருமடங்கு, மும்மடங்கு மீடிறன் கொண்ட புதிய ஒலிகள் பிறக்கின்றன. மீடிறன் என்பது ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை ஆகும்.

ஒலிக்கு நேரும் இந்நிலை ஒளிக்கும் நேரும். அதனையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன். உலோக அணுக்கள் சிலவற்றை ஒரே வரிசையில் கோத்து அமைத்த மூலக்கூறுகள் ஒளிக்கு எவ்வாறு மறுமொழி கூறுகின்றன என்பதும், அம்மறுமொழியைக் கணினியின் துணைகொண்டு எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதும் இப்பேச்சின் பொருளாகும். அத்தகைய கணக்கை நம் வன்னி நிலத்து மாணவன் ஒருவன் செய்ய இயலுமா, செய்தால் அவன் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதையும் இறுதியிற் கூறுவேன்.

ஒளி என்பது விரைந்து அதிரும் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கொண்ட அலையாகும். அது ஒரு பொருளின்மேல் விழும்போது, அப்பொருளிலுள்ள இலத்திரன்களை அம்மின்புலம் முன்னும் பின்னும் அசைக்கிறது. அசையும் இலத்திரன்கள் தாமும் ஒளியை வெளிவிடுகின்றன. சூரிய ஒளியும் விளக்கொளியும் இலத்திரன்களை மிகச் சிறிதளவே அசைப்பன. ஆகையால் அசைவு மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் நிகழ்கிறது. சிவப்பு ஒளி கண்ணாடியுட் புகுந்தால் சிவப்பாகவே வெளிவருகிறது. நம் மூக்குக் கண்ணாடியும் தொலைநோக்கியும் இந்த ஒழுங்கின்மேல் நின்றே தொழிற்படுகின்றன.

இவ்வொழுங்கைக் குலைக்கும் வலிமையுள்ள ஒளி 1960 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆந் திகதி கிடைத்தது. அமெரிக்காவில் தியோடோர் மைமன் என்பவர் மாணிக்கத் தண்டு ஒன்றைக் கொண்டு முதலாவது லேசர்க் கதிரைப் பிறப்பித்தார். அடுத்த ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் பிராங்கன் என்பவரும் அவருடைய தோழர்களும் அத்தகைய கதிரைக் குவாட்சுப் பளிங்கினூடே செலுத்தினர். உட்சென்ற ஒளியின் அலைநீளம் 694 நனோமீற்றர், அது செந்நிறம். வெளிவந்த ஒளியில் 347 நனோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதா ஒளியும் சிறிதளவு இருந்தது. அலைநீளம் பாதியானது என்றால் மீடிறன் இருமடங்கானது என்பது பொருள். ஒலிபெருக்கியிற் பிறந்த கீச்சொலி இங்கே பளிங்கினுள் ஒளியாகப் பிறந்தது.

இப்பரிசோதனையைப் பற்றி அறிவியலார் இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி ஒன்று உண்டு. புதிய ஒளி ஒளிப்படத் தகட்டில் மிகச் சிறிய புள்ளியாகவே பதிந்திருந்தது. கட்டுரை அச்சேறியபோது, அப்புள்ளி தூசு என்று கருதப்பட்டுப் படத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாம். அச்சான படத்தில் அம்புக்குறி இருந்தது. அது சுட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. எது தூசு, எது உண்மை என்று பிரித்தறிவது எத்துணை அரிது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் இவ்விடத்துக்கு வருவோம்.

அன்று ஆய்வுகூடத்தில் அரிதாய்க் கண்டது இன்று கடைகளில் விற்கப்படுகிறது. விரிவுரையாளர் பலர் கையில் வைத்திருக்கும் பச்சை லேசர்ச் சுட்டியைப் பார்த்திருப்பீர்கள். பல சுட்டிகளில், பச்சை ஒளிக்கு முன்னர் 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ்க் கதிரே பிறக்கிறது. அது நம் கண்ணுக்குப் புலப்படாது. உள்ளே இருக்கும் சிறிய பளிங்குத் துண்டு அதன் மீடிறனை இருமடங்காக்கி, 532 நனோமீற்றர் பச்சை ஒளியாக மாற்றித் தருகிறது. இத்துறைக்கு நேரியல் அல்லாத ஒளியியல் என்பது பெயர்.

ஒரு மூலக்கூறு மின்புலத்துக்குக் கூறும் மறுமொழியை மூன்று குணகங்களால் அளக்கலாம். மின்புலத்துக்கு நேர்விகிதமான மறுமொழியை முதற்குணகம் அளக்கும். மின்புலத்தின் வர்க்கத்துக்கேற்ற மறுமொழியை இரண்டாங்குணகமும், அதன் கனத்துக்கேற்ற மறுமொழியை மூன்றாங்குணகமும் அளக்கும். மீடிறன் இருமடங்காதல் இரண்டாங்குணகத்தின் செயல். மும்மடங்காதல் மூன்றாங்குணகத்தின் செயல். ஒளியால் ஒளியை அடக்கி ஆளும் ஆளிகளைச் செய்வதற்கும் மூன்றாங்குணகம் பெரிதாக இருத்தல் வேண்டும். மின்னோட்டம் செய்யும் வேலையை ஒளியே செய்யுமாறு கருவிகளை அமைக்க முயல்வோர், அக்குணகம் பெரிதாயுள்ள மூலக்கூறுகளைத் தேடுகின்றனர்.

அத்தேடலிலே கண்ணிற் பட்டவற்றுள் ஒன்றுதான் உலோக அணுச் சங்கிலி. மூன்று நிக்கல் அணுக்களைக் கொண்ட சேர்வை ஒன்று 1968 ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்டது. அம்மூன்று அணுக்களும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்பது 1991 ஆம் ஆண்டிலேதான் எக்ஸ் கதிர் ஆய்வினால் உறுதியாயிற்று. அதன்பின் அமெரிக்காவில் ஆல்பேட் கொற்றன் குழுவினரும் தாய்வானில் ஷீ-மிங் பெங் குழுவினரும் குரோமியம், கோபாற்று, நிக்கல் முதலிய உலோகங்களைக் கொண்டு இத்தகைய சங்கிலிகள் பலவற்றை அமைத்தனர். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நீண்டு, 2011 ஆம் ஆண்டில் பதினொரு நிக்கல் அணுக்கள் கொண்ட சங்கிலியும் வெளிவந்தது.

இதன் அமைப்பு பார்க்க அழகியது. நடுவே உலோக அணுக்கள் மணிகள்போல் வரிசையாக நிற்கும். நைதரசன் அணுக்களைக் கொண்ட நான்கு சேதன மூலக்கூறுகள், கொழுகொம்பைச் சுற்றும் கொடிகள் போல அவ்வரிசையைச் சுற்றி முறுக்கிப் பிடித்திருக்கும். மூன்று நிக்கல் சங்கிலியில் அடுத்தடுத்த இரு உலோக அணுக்களுக்கு இடையேயுள்ள தூரம் சுமார் 2.4 அங்ஸ்திரம். ஒரு மில்லிமீற்றரைக் கோடி பங்கிட்டால் ஒரு பங்கே ஓர் அங்ஸ்திரம். உலகில் மனிதன் அமைத்த மிக மெல்லிய கம்பிகளுள் இவையும் அடங்கும் எனலாம். ஓரணுப் பருமனே கொண்ட உலோக வரிசைக்குக் கொடிகள் உறையாக அமைந்துவிடுகின்றன.

இச்சங்கிலியின் இரு பாதிகளும் ஒத்திருந்தால், இடப்பக்கம் தள்ளினாலும் வலப்பக்கம் தள்ளினாலும் மறுமொழி ஒன்றாகவே இருக்கும். அப்போது சங்கிலியின் நீளவாக்கில் இரண்டாங்குணகம் பூச்சியமாகிவிடும். ஒரு முனையில் வேறோர் உலோகத்தை வைத்தால் அந்தச் சமநிலை குலைந்து இரண்டாங்குணகம் தோன்றும். மூன்றாங்குணகமோ இருவகைச் சங்கிலிகளிலும் உண்டு. எந்த உலோகத்தை எங்கே வைத்தால் அது பெரிதாகும் என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காண உதவிய கருத்து ஒன்றை ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்து மசயோஷி நகானோ என்பவர் விளக்கினார். அதனை நம் ஊர் வழக்கிலே சொல்லுகின்றேன். சகோதரர் இருவர் ஒரே வளவில், ஒரே உலையில் சமைத்துண்டு வாழ்கின்றனர். வெளியார் ஒருவர் வந்து கோள் சொன்னால் அக்குடும்பம் அசையாது. வேறு இரு சகோதரர் நடுவே வேலியடைத்து, கணக்குத் தீர்த்துப் பிரிந்துவிட்டனர். அங்கும் வெளியார் சொல்லால் ஒரு பொருள்கூட வேலி தாண்டாது. மூன்றாவது குடும்பத்திலோ பிரிவினை பேசியாயிற்று. வேலி இன்னும் அடைக்கவில்லை. அங்கே ஒரு சிறு சொல் பெருங் குழப்பத்தை விளைவிக்கும்.

இரு அணுக்களைப் பிணைக்கும் இலத்திரன் சோடியும் இத்தகையதே. இறுகப் பிணைந்த சோடி மின்புலத்துக்கு அதிகம் அசைவதில்லை. முற்றாகப் பிரிந்து தத்தம் அணுவில் ஒதுங்கிய இலத்திரன்களும் அசைவதில்லை. பிணைந்தும் பிணையாத இடைநிலையிலே உள்ள சோடிதான் மின்புலத்தின் சிறு தூண்டலுக்கும் பெரிதும் அசைந்து கொடுக்கிறது. மூன்றாங்குணகம் அங்கேதான் உச்சத்தை அடைகிறது. உலோக அணுக்களுக்கு இடையேயான பிணைப்புகள் பல இவ்விடைநிலையில் இயல்பாகவே அமைகின்றன. குரோமியம் அணுக்கள் இரண்டு நான்கு சோடி இலத்திரன்களாற் பிணைகின்றன. அச்சோடிகளிற் சில இறுக்கமும் சில தளர்ச்சியும் உடையவை. அணுக்களுக்கு இடையேயுள்ள தூரம் சற்று மாறினாலும் இறுக்கம் மாறும். ஆகவே உலோகச் சங்கிலி ஆய்வாளர் கண்ணுக்கு விளைநிலமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி, கணக்கிடும் முறையைப் பார்ப்போம். மூலக்கூற்றின் இலத்திரன்கள் குவாண்டம் விதிகளுக்கு அடங்கி நடப்பவை. மின்புலம் இல்லாதபோது மூலக்கூற்றின் சக்தி யாது என்று கணினி முதலிற் கணிக்கிறது. பின்னர்ச் சிறிய மின்புலம் ஒன்றைக் கற்பனையாகச் சேர்த்து மீண்டும் கணிக்கிறது. அதனை இருமடங்காக்கி மறுபடியும் கணிக்கிறது. சக்தி எவ்வாறு மாறுகிறது என்பதிலிருந்து மூன்று குணகங்களும் பெறப்படுகின்றன. பாடசாலையிலே வில்லில் படிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நீட்சியை அளந்த பரிசோதனையைப் போன்றதே இது.

எளிதாகத் தோன்றும் இவ்வழியிலே இரு கண்ணிகள் உள்ளன. முதலாவது, அளவைப் பற்றியது. பூ ஒன்றின் நிறையை அறிய விரும்பிய ஒருவன், நெல் ஏற்றிய லொறியைப் பூவுடன் ஒருமுறையும் பூவின்றி ஒருமுறையும் நிறுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் இம்மியளவு பிழை இருந்தாலும் பூவின் நிறை பொய்யாகிவிடும். மூன்றாங்குணகம் அந்தப் பூவைப் போன்றது. மூலக்கூற்றின் மொத்தச் சக்தி அந்த லொறியைப் போன்றது. மின்புலம் மிகச் சிறிதாயின் விடை எண்களின் கடைசித் தானங்களில் மறைந்துவிடும்; மிகப் பெரிதாயின் மூலக்கூறு தன் இயல்பையே இழந்துவிடும். இரண்டுக்கும் நடுவே பொருத்தமான அளவைத் தேடிக் காண்பது ஆய்வாளன் கடன்.

இரண்டாவது கண்ணி இதனினும் ஆழமானது. இடைநிலையிலுள்ள இலத்திரன் சோடிகளை ஒரேயொரு சித்திரத்தால் வருணிக்க இயலாது. மூன்று குரோமியம் அணுக்கள் கொண்ட சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அணுவுக்கு நான்கு இலத்திரன்கள், அவை தங்க நான்கு அறைகள் என்று கொண்டால், பன்னிரண்டு இலத்திரன்கள் பன்னிரண்டு அறைகளில் தங்க வேண்டும். ஓர் அறையில் எதிரெதிர்ச் சுழற்சியுள்ள இருவர் மட்டுமே தங்கலாம். ஒருவகைச் சுழற்சியுடையன ஆறு, மறுவகை ஆறு எனில், அவற்றை அமர்த்தும் வழிகள் 8,53,776. ஐந்து அணுக்கள் ஆயினோ, அதே கணக்கின்படி வழிகள் 3,400 கோடிக்கு மேலாகின்றன. இரண்டு அணுக்களைக் கூட்டியதற்கே இத்துணைப் பெருக்கம்!

இச்சுமையைக் குறைக்கும் பொருட்டே குறுக்கு வழிகள் தோன்றின. இலத்திரன்களை ஒவ்வொன்றாக நோக்காது, அவற்றின் அடர்த்தியை மட்டும் கொண்டு கணிக்கும் முறையை வால்டர் கோன் என்பவரும் அவர்தம் தோழர்களும் 1964, 1965 ஆம் ஆண்டுகளில் நிறுவினர். அதற்காகக் கோன் 1998 ஆம் ஆண்டில், ஜோன் போப்பிள் என்பவரோடு இரசாயனவியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இம்முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆயினும், அதே ஆண்டையொட்டியே அதன் குறையொன்றும் தெளிவாயிற்று. அக்காலத்து வழக்கிலிருந்த அடர்த்திச் சூத்திரங்கள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் மூன்றாங்குணகத்தை உண்மையிலும் பன்மடங்கு பெரிதாகக் காட்டின. சங்கிலியின் ஒரு முனையில் நிகழ்வதை மறு முனை உணரும் விதத்தை அச்சூத்திரங்கள் சரிவரக் காணவில்லை. அக்குறையைத் தீர்க்க நெடுந்தூரத் திருத்தம் பெற்ற புதிய சூத்திரங்கள் 2000 ஆம் ஆண்டுக்குப் பின் வந்தன. அவையும் உலோகப் பிணைப்புகளின் இடைநிலையை முற்றாகத் தீர்த்துவிடவில்லை.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். மறுமொழி எங்கே மிகப் பெரிதோ, அவ்விடத்தில்தான் எளிய கணக்கு மிக எளிதாகப் பொய்க்கிறது. பிணைந்தும் பிணையாத நிலையே பயனுக்கும் காரணம், பிழைக்கும் காரணம். அரும்பொருள் கிடைத்தது என்று ஆய்வாளன் மகிழும் நேரமே அவன் மிகவும் ஐயுற வேண்டிய நேரமாகும். முன்னர்ச் சொன்ன தூசுப் புள்ளியை இங்கே நினைவுகூருங்கள். அங்கே உண்மையைத் தூசென்று துடைத்தனர். இங்கே தூசை உண்மையென்று கொண்டாடும் ஆபத்து நிற்கிறது.

இவ்வாபத்தை அறிந்து, சங்கிலிகளின் கணக்கைப் பொறுமையோடு செய்தவர்கள் நம் அயலிலேயே உள்ளனர். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த இராமசேஷா அவர்களும் அவர் குழுவினரும் காபன் சங்கிலிகளை ஆராய்ந்தனர். சிறிய சங்கிலிகளுக்கு, எல்லா அமர்வு வழிகளையும் விடாது எண்ணிச் சரியான விடை கண்டனர். சரியான விடை கையில் இருந்தால் குறுக்கு வழியின் பிழை எவ்வளவு என்று ஒப்பிட்டறியலாம் அன்றோ? ஸ்டீவன் வைற் என்பவர் 1992 இல் வகுத்த முறை, முக்கியமான அமர்வுகளை மட்டும் தேர்ந்து கொள்வது. வரிசையாய் அமைந்தவற்றுக்கு மிகப் பொருந்துவது. அம்முறையையும் இக்குழுவினர் 1990 களில் வளர்த்து, நீண்ட சங்கிலிகளின் ஒளியியற் குணகங்களைக் கணித்தனர். முதலிற் சிறியதைச் செம்மையாகச் செய்தல், பின் பெரியதற்குச் செல்லல் என்ற ஒழுங்கு உலோகச் சங்கிலிக்கும் பொருந்தும்.

நேயர்களே, இனி நம் மண்ணுக்கு வருவோம். 2009 ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 ஆம் ஆண்டு கிளிநொச்சி அறிவியல் நகரில் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியாக் கல்விக்கூடம், 2021 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இடம்பெயர்ந்த கூடாரங்களிலும் மரநிழலிலும் எழுத்தறிந்த பிள்ளைகள் சிலர் இன்று அங்கே பட்டம் பெறுகின்றனர். அவர்களுள் ஒருவன் அல்லது ஒருத்தி உலோக அணுச் சங்கிலியை ஆராய விரும்பினால் இயலுமா?

இயலும் என்பதே என் விடை. வலிய லேசர்க் கருவியும் அதற்கேற்ற ஆய்வுகூடமும் பெரும் பொருட்செலவை வேண்டுவன. கணக்கிடும் வழிக்கு நல்ல கணினியொன்றும், நாட்கணக்கிற் காத்திருக்கும் பொறுமையும் தொடக்கத்துக்குப் போதும். இதற்குரிய கணினி நிரல்கள் பல கட்டணமின்றியே கிடைக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளிலும், செய்து முடித்த பகுதியை அவ்வப்போது பதிவு செய்து வைத்தால், மின்சாரம் வந்தபின் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடரலாம். சர். சி. வி. இராமனும், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 ஆம் ஆண்டு கல்கத்தாவில் எளிய கருவிகளைக் கொண்டே ஒளிச் சிதறலின் புதிய விளைவைக் கண்டனர். கருவியின் விலை ஆய்வின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கணினி எந்த வினாவுக்கும் விடையளிக்க மறுப்பதில்லை. பொருந்தாத முறையைக் கொடுத்தாலும், பத்துத் தசமத் தானங்களோடு ஓர் எண்ணை அச்சிட்டு நீட்டும். அந்த எண்ணின் நீளத்தைக் கண்டு மயங்கலாகாது. சங்கிலியைக் கணிக்கும் மாணவன் தனக்குத்தானே நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். மின்புலத்தின் அளவைச் சற்று மாற்றினால் விடை நிலைக்கிறதா? வேறொரு முறையாற் கணித்தால் அதே போக்குத் தோன்றுகிறதா? இரு அணுக்கள் மட்டும் கொண்ட சிறு மாதிரியில், மிகச் செம்மையான கணக்கோடு இது ஒத்துவருகிறதா? ஆய்வுகூடத்தில் அளந்த அணுத் தூரங்களை இம்முறை சரியாகத் தருகிறதா? இந்நான்குக்கும் விடை எழுதிய பின்னரே குணகத்தின் பெருமையை எழுதட்டும். ஒத்துவராத விடையையும் மறையாது எழுதட்டும். வேறோரிடத்தில் அச்சேர்வையைத் தயாரித்து லேசர்க் கதிரால் அளக்கப் போகின்றவர், இவ்வெண்ணை நம்பித் தம் உழைப்பையும் பொருளையும் செலவிடுவார் என்பதை அவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணினி வாங்குதல் எளிது. நிரல் பெறுதல் எளிது. விடையைச் சந்தேகிக்கும் பழக்கத்தை எவரும் நமக்கு இறக்குமதி செய்து தர முடியாது. அதனை ஆசிரியர் வகுப்பறையிலே நாள்தோறும் ஊட்ட வேண்டும். 'இந்த விடை எப்படி வந்தது?' என்று கேட்கும் பிள்ளையை அதட்டாது ஊக்குவிக்கும் வகுப்பறைகள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெருகுமாயின், உலோக அணுச் சங்கிலியைப் பற்றிய நம்பத்தக்க கணக்கொன்று இம்மண்ணிலிருந்தும் வெளிவரும்.

அடுத்த வைகாசிப் பொங்கலில் ஒலிபெருக்கி கீச்சிடும்போது, யார் ஒலியைக் கூட்டினார் என்று சினப்பதோடு நில்லாது, வாசிக்காத அந்தச் சுரம் எங்கிருந்து வந்தது என்று அருகிலுள்ள பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இத்துறையின் முதற்பாடம் அக்கேள்வியிலேயே தொடங்கிவிடும்.